செங்கல் மேல் நிற்கும் விட்டலனும் தேஹு துகாராமும்

மராட்டிய மாநிலத்தில் பிழைப்புக்கு வந்த தமிழர் எவருக்கும் அந்தச் சாமி படம் பழக்கமானது. பழக்கடையில் இருக்கும். டாக்சியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும். ஆபீசில் குமாஸ்தாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் இருக்கும்.

கறுத்த மேனி. உயர்ந்த கிரீடம். காதில் மீன் வடிவக் குண்டலம். கழுத்தில் துளசி மாலை. இரண்டு கைகளும் இடுப்பில். காலுக்கு அடியில் ஒரு செங்கல்.

அவர்தான் பண்டரிபுரத்து விட்டலன். தமிழ்நாட்டில் பாண்டுரங்கன் என்று கும்பிடப்படுபவர்.

மற்ற தெய்வங்கள் வேலோ, வில்லோ, சூலமோ ஏந்திப் போருக்குத் தயாராக நிற்பது உண்டு. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாருக்காகவோ காத்திருப்பவர் போல நிற்கிறார்.

இந்தக் கோலத்தின் பொருள் என்ன? பண்டிதர்கள் பல விளக்கங்களை எழுதி இருக்கிறார்கள். ஆனால் தன் வாழ்க்கையாலேயே அதற்கு விளக்கம் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் காவி கட்டிய துறவி அல்ல. மளிகைக் கடை வைத்திருந்தவர். வட்டிக்குப் பணம் கொடுத்தவர். பிறகு தாமே கடனாளி ஆனவர். பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். அவர்தான் துகாராம்.

செங்கல் வந்த கதை

சோலாப்பூர் மாவட்டத்தில், பீமா நதிக்கரையில் இருக்கிறது பண்டரிபுரம். அந்த இடத்தில் நதி பிறை போல வளைந்து ஓடுவதால் அதற்குச் சந்திரபாகா என்று பெயர்.

அந்த ஊரில் புண்டலீகன் என்று ஒருவன் இருந்தான். இளமையில் தாய் தந்தையை மதிக்காதவன். பின்னர் மனம் திருந்தி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதே தன் வேலை என்று ஆகிவிட்டான். அவனைப் பார்க்கக் கண்ணனே வீட்டு வாசலுக்கு வந்தார். புண்டலீகன் அப்போது பெற்றோரின் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தான். வந்திருப்பவர் யார் என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துப் போட்டு, வேலை முடியும் வரை அதன் மேல் நிற்கும்படி கேட்டுக்கொண்டான்.

கண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. செங்கல் மேல் ஏறி, இடுப்பில் கை வைத்து நின்றார். பணிவிடை முடிந்து வந்த புண்டலீகன், வருகிறவர்களுக்கெல்லாம் இப்படியே காட்சி தர வேண்டும் என்று வேண்டினான். அவரும் அப்படியே நின்றுவிட்டார்.

இதுதான் தல வரலாறு. மராட்டிய மொழியில் செங்கல்லுக்கு வீட் என்று பெயர். செங்கல் மேல் நின்றதால் விட்டல் ஆனார் என்று பக்தர்கள் சொல்வார்கள்.

கோலத்தின் பொருள்

கதையிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. தெய்வத்துக்குத் தங்கச் சிம்மாசனம் தேவைப்படவில்லை. கைக்கு எட்டிய செங்கல் போதுமானதாக இருந்தது. கடமையில் இருப்பவன் அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வர வேண்டியதும் இல்லை. அவன் வரும் வரை தெய்வம் காத்து நிற்கும்.

இடுப்பில் வைத்த கைகளுக்கும் பொருள் சொல்கிறார்கள். பிறவி என்பது பெரிய கடல். ஆனால் நம்பியவர்களுக்கு அதன் ஆழம் இடுப்பளவுதான். நடந்தே கரை ஏறிவிடலாம். இதைத்தான் கையால் அளந்து காட்டுகிறாராம். திருப்பதி வேங்கடாசலபதி தன் இடது கையை இடுப்பருகே வைத்திருப்பதற்கும் இதே விளக்கம் சொல்லப்படுவது உண்டு.

அவருடைய உயர்ந்த கிரீடத்தைச் சிவலிங்கம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தலையில் சிவனைத் தாங்கிய திருமால் என்பதால், அந்தச் சன்னதியில் சைவ, வைணவச் சண்டைக்கு இடம் இல்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. ஆண் தெய்வமாகிய விட்டலனைப் பக்தர்கள் தாய் என்றே கூப்பிடுகிறார்கள். விட்டாபாய், மாவுலி என்பவை எல்லாம் அம்மா என்று அழைக்கும் செல்லப் பெயர்கள்தான்.

காத்து நிற்கும் தெய்வம், தாய் போன்ற தெய்வம் என்று கதை சொல்வது சுலபம். வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பசியால் சாகும்போது அதை நம்ப முடியுமா? துகாராமின் வாழ்க்கையில் எழுந்த கேள்வி இதுதான்.

தேஹு கடைக்காரர்

புனே நகரத்துக்கு அருகே, இந்திராயணி ஆற்றங்கரையில் தேஹு என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1608-ம் ஆண்டில் துகாராம் பிறந்தார் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். தந்தை போல்ஹோபா. தாய் கனகாயி. உழவர் குலம், வேதம் ஓதும் உரிமை இல்லாத சூத்திரர் என்று அன்றைய சமூகம் ஒதுக்கி வைத்திருந்த குலம்.

ஆனால் குடும்பம் வசதியானது. நிலம் இருந்தது. கடை இருந்தது. கொடுக்கல் வாங்கலும் இருந்தது. ஊர்ச் சந்தைக்கு மகாஜன் என்ற பொறுப்பும் பரம்பரையாக வந்தது. முன்னோர் ஒருவர் வழிபட்ட விட்டலன் கோவில் ஒன்றும் வீட்டை ஒட்டி இருந்தது. பண்டரிபுரத்துக்கு யாத்திரை போவது குடும்ப வழக்கம்.

அண்ணன் சாவ்ஜிக்கு உலக வாழ்க்கையில் நாட்டம் இல்லை. ஆகவே சின்ன வயதிலேயே கடைப் பொறுப்பு துகாராமின் தலையில் விழுந்தது. முதல் மனைவி ரகுமாயிக்கு மூச்சிரைப்பு நோய். எனவே புனேயைச் சேர்ந்த ஜிஜாயியை இரண்டாம் தாரமாக மணம் முடித்து வைத்தார்கள்.

17 வயது வாக்கில் தந்தை இறந்தார். அடுத்துத் தாயும் போனார். அண்ணி இறந்ததும் அண்ணன் வீட்டைத் துறந்து புண்ணியத் தலங்களுக்குப் போய்விட்டார்.

பஞ்சம்

1630-ம் ஆண்டில் மழை பொய்த்தது. தக்காணத்திலும் குஜராத்திலும் 1632 வரை நீடித்த கொடிய பஞ்சம் அது. மாடுகள் செத்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினார்கள். மாண்டவர்கள் எண்ணில் அடங்கார்.

துகாராமின் கடையில் சரக்கு இல்லை. கொடுத்த கடன் திரும்பவில்லை. வாங்கிய கடனைக் கட்ட வழி இல்லை. மகாஜன் வீட்டுப் பிள்ளை ஊரார் முன்னால் திவால் ஆனார்.

ரகுமாயி சோறு சோறு என்று கேட்டே உயிரை விட்டார். மகன் சந்துவும் இறந்தான். துகாராமுக்கு அப்போது 20 வயதைச் சற்றுத்தான் தாண்டி இருந்தது.

ஊரில் தலை காட்ட வெட்கப்பட்டு, தேஹுவுக்கு அருகில் உள்ள பண்டாரா குன்றுக்குப் போய்த் தனியே உட்கார ஆரம்பித்தார். ஞானேசுவரர், நாமதேவர், ஏகநாதர் ஆகியோரின் பாடல்களை அங்கே மனப்பாடம் செய்தார். பசியும் அவமானமும் தன்னை எங்கே கொண்டு வந்து நிறுத்தின என்பதை அவரே பின்னாளில் ஒளிவு மறைவு இல்லாமல் பாடி வைத்தார். அதனால்தான் இந்த விவரங்கள் தெரிய வந்தன.

குன்றிலிருந்து இறங்கி வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இடிந்து கிடந்த விட்டலன் கோவிலைப் பழுது பார்த்தது. வேலைக்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. மண்ணைக் குழைத்துத் தானே சுவர் எழுப்பினார் என்று சொல்வார்கள்.

ஆற்றில் போன புரோநோட்டுகள்

அடுத்து அவர் செய்ததுதான் ஊரையே அதிர வைத்தது.

தந்தை காலத்தில் இருந்து கொடுத்த கடன்களுக்கு எழுதி வாங்கிய பத்திரங்கள் வீட்டில் கட்டுக் கட்டாக இருந்தன. பஞ்சம் தீர்ந்துவிட்டது. இனி வசூலிக்கலாம். சட்டம் அவர் பக்கம் இருந்தது. வீட்டில் வறுமையும் இருந்தது.

துகாராம் பத்திரங்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைத் தம்பி கன்ஹோபாவிடம் கொடுத்தார். தம்பிக்குக் குடும்பம் உண்டு. அவன் பங்கில் கை வைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். தன் பங்காக வந்த பாதியை இந்திராயணி ஆற்றில் போட்டுவிட்டார்.

பசி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டவருக்கு, பசித்தவன் வாசலில் போய் நின்று வட்டி கேட்க மனம் வரவில்லை. காத்து நிற்கும் தெய்வத்தைக் கும்பிடுகிறவன் கடனாளியின் கழுத்தைப் பிடிக்கலாமா?

அதன் பிறகும் அவர் குடும்பத்தை விட்டு ஓடிவிடவில்லை. சிறு வியாபாரம் செய்தார். வயல் காவலுக்குப் போனார். ஆனால் கையில் வந்தது வீடு வந்து சேராது.

ஒரு முறை கட்டுக் கரும்பு கிடைத்ததாம். வழியில் பிள்ளைகள் கேட்கக் கேட்கக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கரும்போடு வீட்டுக்கு வந்தார். கோபம் கொண்ட ஜிஜாயி அதை வாங்கி அவர் முதுகிலேயே அடித்தார். கரும்பு இரண்டாக ஒடிந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போடும் வேலை மிச்சம் என்று துகாராம் சிரித்தாராம். மராட்டியத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை இது.

ஜிஜாயியின் பசி

ஜிஜாயியை வாயாடி, கோபக்காரி என்று கதை சொல்பவர்கள் காட்டுவது வழக்கம். ஆனால் பெற்றது மூன்று மகன், மூன்று மகள். அடுப்பில் வைக்க எதுவும் இல்லாத நாள்களில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அவர்தான். தன் குடும்பத்தைக் கெடுத்தது அந்தக் கறுப்புச் சாமிதான் என்று விட்டலனையே ஏசினார்.

அப்படி ஏசியவர்தான் கணவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு பண்டாரா குன்றின் மேல் ஏறுவார். அவருக்கு ஊட்டாமல் தான் சாப்பிடுவது இல்லை. ஒருநாள் வழியில் காலில் முள் தைத்து விழுந்தபோது, விட்டலனே வந்து முள்ளை எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பாடிய கணவருக்குக் கிடைக்காத தரிசனம், ஏசிக்கொண்டே கடமை செய்த மனைவிக்குக் கிடைத்தது என்பது அந்தக் கதையின் உள்கருத்து. புண்டலீகன் கதையும் இதையேதான் சொல்கிறது.

கடவுளோடு சண்டை

நாமதேவர் விட்டலனோடு கனவில் வந்து, தான் பாடாமல் விட்டுப்போன பாடல்களை முடிக்கச் சொன்னதாகத் துகாராம் நம்பினார். அதன்பின் பாடல்கள் ஊற்றெடுத்தன. அபங்கம் என்பது அவற்றின் பெயர். இன்று அவர் பெயரில் ஏறத்தாழ 4,500 அபங்கங்கள் வழங்குகின்றன. எல்லாம் சந்தையிலும் வயலிலும் பேசும் மராட்டியில் அமைந்தவை. கணக்கு, தராசு, கடன், வட்டி என்று கடைக்காரரின் பேச்சு அவற்றில் நிறைய வரும்.

அந்தப் பாடல்கள் முழுவதும் புகழ்ச்சி அல்ல. விட்டலனோடு அவர் சண்டை போட்டார். கெஞ்சினார். தன்னைப் பொறுத்தவரையில் கடவுள் செத்தே போனார் என்று சொல்லும் அளவுக்கு மனம் கசந்த நாள்களும் உண்டு. தாயிடம் பிள்ளைக்கு உள்ள உரிமை அது.

சாது யார் என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் வேறு. துன்பப்படுகிறவனிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத்தான் பார்த்தார். உடையையும் சடங்கையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. போலிச் சாமியார்களைக் கடுமையாகச் சாடினார்.

பாட்டும் ஆற்றில் போனது

உழவர் குலத்தில் பிறந்தவர், வேதத்தின் சாரத்தைப் பேச்சு மொழியில் பாடுகிறார். எல்லாச் சாதியினரும் வந்து கேட்கிறார்கள். இது சிலருக்குப் பொறுக்கவில்லை. வாகோலியைச் சேர்ந்த ராமேசுவர பட் என்ற பண்டிதர், அந்தப் பாட்டு ஏடுகளை ஆற்றில் மூழ்கடிக்கச் சொன்னார்.

துகாராம் ஏடுகளைக் கல்லோடு கட்டி இந்திராயணியில் போட்டார். கடன் பத்திரங்களை விட்டபோது மனம் நிறைவாக இருந்தது. இந்த முறை உயிரையே விட்டது போல ஆனது. கரையில் உட்கார்ந்தார். அன்னம், தண்ணீர் இல்லை. 13 நாள் அப்படியே இருந்தார்.

13-ம் நாள் ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது பக்தர்களின் நம்பிக்கை. இன்னொரு விளக்கமும் உண்டு. அதற்குள் ஊர் ஊராக மக்கள் அந்தப் பாடல்களை மனப்பாடம் செய்துவிட்டார்கள். தாளை மூழ்கடிக்கலாம், ஜனங்களின் வாயை மூழ்கடிக்க முடியாது என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் பாட்டு பிழைத்துவிட்டது.

மூழ்கடிக்கச் சொன்ன ராமேசுவர பட்டே பின்னர் துகாராமின் சீடர் ஆனார். பிராமணப் பெண்ணான பகினாபாய், கணவரின் எதிர்ப்பையும் மீறித் துகாராமைக் குருவாக ஏற்றார். அவரும் பெரும் கவி. தன் வாழ்க்கைக் கதையைப் பாட்டாகவே எழுதி வைத்தவர்.

சத்ரபதி சிவாஜி பொன்னும் பொருளும் அனுப்பியதாகவும், துகாராம் அவற்றைத் திருப்பி அனுப்பியதாகவும் மரபு வழிச் செய்தி உண்டு.

மறைவும் பல்லக்கும்

1650-ம் ஆண்டில், 40 வயதைச் சற்றே கடந்த நிலையில், துகாராம் மறைந்தார். உடலோடு வைகுண்டம் போனார் என்று வார்க்கரி பக்தர்கள் நம்புகிறார்கள். பங்குனி மாத வாக்கில் வரும் அந்த நாளைத் துகாராம் பீஜ் என்று தேஹுவில் இன்றும் கொண்டாடுகிறார்கள். அப்போது ஜிஜாயி கர்ப்பமாக இருந்தார். தந்தை முகம் பார்க்காத பிள்ளை நாராயணன்.

அந்த நாராயணன்தான் 1685-ல் துகாராமின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துப் பண்டரிபுரத்துக்கு எடுத்துப்போகும் வழக்கத்தைத் தொடங்கினார். அது இன்று வரை நடக்கிறது. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்னதாகத் தேஹுவில் புறப்படும் பல்லக்கு, மூன்று வாரம் போல நடந்து பண்டரிபுரம் சேரும். லட்சக்கணக்கானவர்கள் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு மழையில் நடப்பார்கள். எதிரே வருபவர் என்ன சாதி என்று பார்க்காமல் ஒருவர் காலில் ஒருவர் விழுவார்கள்.

1873-ல் பம்பாய் அரசின் உதவியோடு துகாராமின் பாடல்கள் பெரிய தொகுப்பாக அச்சாகி முடிந்தன. 1936-ல் புனே பிரபாத் நிறுவனம் எடுத்த சந்த் துகாராம் என்ற மராட்டியப் படம் வெனிஸ் திரைப்பட விழாவிலும் பாராட்டுப் பெற்றது. 1938-ல் தமிழிலும் துகாராம் படம் வந்தது. துகாராமாக நடித்தவர் சங்கீத வித்துவான் முசிறி சுப்பிரமணிய அய்யர்.

வேலைக்காரர்களின் தெய்வம்

விட்டலனைப் பாடிய அடியார்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். நாமதேவர் தையல்காரர். கோரா குயவர். சேனா முடி திருத்துபவர். சாவதா தோட்டக்காரர். ஜனாபாய் வீட்டு வேலை செய்தவர். சோகாமேளர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். துகாராம் கடைக்காரர்.

இவர்களில் பலரும் தொழிலை விடவில்லை. ஜனாபாய் மாவு அரைத்தபோது விட்டலன் கூட உட்கார்ந்து திரிகை சுற்றினார் என்பது கதை. சாவதா தன் தோட்டத்தை விட்டுப் போகாததால் விட்டலனே தோட்டத்துக்கு வந்தார் என்பது இன்னொரு கதை.

ஆனால் தெய்வம் காத்து நின்றாலும், கதவைத் திறக்க மனிதர்கள் பல நூற்றாண்டு மறுத்தார்கள். சோகாமேளரின் சமாதி பண்டரிபுரத்துக் கோவிலின் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. அவர் குலத்தவர் உள்ளே போக முடியாமல் இருந்தது. 1947 மே மாதத்தில் எழுத்தாளரும் தேச பக்தருமான சானே குருஜி அந்த ஊரில் உண்ணாவிரதம் இருந்தார். அதன் பிறகே தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்தக் கோவில் கதவு திறந்தது. துகாராம் மறைந்து அப்போது ஏறத்தாழ 300 ஆண்டு ஆகி இருந்தது.

பண்டரிபுரத்தில் விட்டலன் பாதத்தில் பக்தர்கள் தங்கள் தலையையே வைத்துக் கும்பிடுவது வழக்கம். செங்கல் உயரம்தான். குனிந்தால் எட்டிவிடும்.

மும்பை வடாலாவிலும் பழமையான விட்டலன் கோவில் ஒன்று இருக்கிறது. பண்டரிபுரம் போக முடியாதவர்களுக்கு அதுவே பண்டரிபுரம். ஆஷாட ஏகாதசி அன்று அங்கே வரிசை தெருவைத் தாண்டி நீளும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் குளித்துவிட்டு விடியற்காலையில் வருவார்கள். ஆபீஸ் முடித்தவர்கள் சாயங்காலம் வருவார்கள்.

யார் எப்போது வந்தாலும் விட்டலன் அதே செங்கல் மேல், இடுப்பில் கை வைத்தபடி நிற்கிறார். வேலையை முடித்துவிட்டு வா என்று நின்ற கோலம் அது. பசியும் கடனும் அவமானமும் பார்த்த தேஹு கடைக்காரர் நாளெல்லாம் சண்டை போட்டதும், கடைசியில் நம்பியதும் அந்தக் கோலத்தைத்தான்.